நாலு பேர் ஆட, இருபத்திரண்டு பேர் முடங்க!

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நங்கநல்லூருக்குப் போயிருந்தோம். பழவந்தாங்கல் ஸ்டேஷனில் இறங்கி, கடைத்தெருவைத் தாண்டி, ஒரு சந்துக்குள் நுழைந்தால் அங்கே ஒரு வீட்டுத் திண்ணையில் பதினைந்து பெண்கள் காத்திருந்தார்கள். எல்லோரும் வீட்டு வேலை செய்கிறவர்கள். பாத்திரம் தேய்ப்பது, துணி துவைப்பது, வயதானவர்களைக் குளிப்பாட்டுவது என்று நாளைக்கு நாலு வீடு, ஐந்து வீடு ஏறி இறங்குகிறவர்கள். சம்பள உயர்வு பற்றிப் பேசத்தான் கூடினோம். மீனம்பாக்கம் பக்கத்திலேயே இருப்பதால் தலைக்கு மேலே விமானம் போகும்போதெல்லாம் பேச்சு நின்றுவிடும். போன பிறகு விட்ட இடத்திலிருந்து தொடரும்.

அப்படி ஒரு விமானம் கடந்து போனதும் ஒரு அம்மாள் சொன்னார்: "எங்க ஐயாவும் அம்மாவும் பதினஞ்சு நாளு கப்பல்ல இருந்துட்டு வந்தாங்க தோழர். அமெரிக்காவுல இருக்கிற பையன் கூட்டிட்டுப் போனாரு. அந்தக் கப்பல்ல பந்து ஆடினாங்களாம். எழுவது வயசுல ரெண்டு பேரும் மட்டையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற போட்டோவைக் காட்டினாங்க. எனக்கு அந்தப் போட்டோவுல பின்னால நின்ன பையன்தான் கண்ணுல பட்டான். கையில துண்டு வச்சுக்கிட்டு நிக்கிறான். என் மவனும் இப்படித்தான் எங்கயோ ஒரு கப்பல்ல நிக்கிறான்."

திண்ணை நிசப்தமாகிவிட்டது. சம்பளப் பேச்சை அன்று முடிக்கவில்லை. அந்தக் கப்பலைப் பற்றித்தான் இரவு எட்டு மணி வரை பேசினோம்.

அந்தப் பந்து என்ன பந்து?

அதற்குப் பிக்கிள்பால் என்று பெயர். தமிழில் சொன்னால் ஊறுகாய்ப் பந்து! நாம் கேலிக்குச் சொல்லவில்லை, பெயரே அதுதான். 1965ஆம் வருஷம் அமெரிக்காவின் வாஷிங்டன் ராஜ்யத்தில் பெயின்பிரிட்ஜ் என்ற தீவில், கோடை விடுமுறைக்குப் போன மூன்று கனவான்கள், குழந்தைகளுக்குப் பொழுது போகவில்லை என்று கண்டுபிடித்த ஆட்டம். ஜோயல் பிரிட்சர்ட், பில் பெல், பார்னி மெக்கல்லம் என்பவர்கள். பிரிட்சர்ட் பின்னால் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கே போனவர். 1965 என்றால் நம் ஊர் பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அரிசிக்கு அலைந்த காலம். அங்கே பொழுது போகவில்லை, இங்கே பொழுது விடிந்தால் உலை வைக்க வழியில்லை.

ஆட்டத்தின் மேல் நமக்குப் பகை ஏதும் கிடையாது. மேஜைப் பந்து மட்டையைவிடப் பெரிய மட்டை, ஓட்டை ஓட்டையான பிளாஸ்டிக் பந்து, இடுப்பு உயரத்துக்கு ஒரு வலை, பதினோரு புள்ளி. அதிகம் ஓட வேண்டியதில்லை. முழங்கால் தேய்ந்த கிழவரும் ஆடலாம். நல்லதுதானே! ஆலை வாசலில் ஷிப்டு முடிந்து வாலிபால் ஆடுகிற தோழர்களும், அறுவடை முடிந்த வயலில் சடுகுடு ஆடுகிற வாலிபர்களும் விளையாட்டின் அருமை அறியாதவர்களா? உடம்பு உழைத்து ஓய்ந்தவனுக்குத்தான் ஆட்டத்தின் ருசி முழுசாய்த் தெரியும்.

வலைக்கு இரு பக்கமும் ஏழடி தூரத்துக்கு ஒரு கட்டம் போட்டிருக்கிறார்கள். அங்கே நின்றுகொண்டு, தரையில் படாத பந்தை அடிக்கக் கூடாது. அந்தக் கட்டத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் என்ன தெரியுமா? சமையலறை! மேல்தட்டில் கோடு கிழித்து ஒரு சமையலறை. கீழ்த்தட்டில் வெந்து வியர்க்கிற நிஜச் சமையலறை இன்னொன்று. முதலாவதில் நின்று அப்படிப் பந்தை அடித்தால் ஆட்டத்தில் ஒரு தப்பு, அவ்வளவுதான். இரண்டாவதில் கால் வைத்தவன் ஒன்பது மாதம் கழித்துத்தான் வெளியே வருகிறான்.

உல்லாசக் கப்பல் முதலாளிகள் இந்த ஆட்டத்தைப் பிடித்துக்கொண்ட காரணம் எளிது. டென்னிஸ் ஆடுகளம் வைக்கக் கப்பலில் இடம் போதாது. இதற்கு 44 அடி நீளமும் 20 அடி அகலமும் இருந்தால் கோடு கிழித்துவிடலாம். கூடைப்பந்து ஆடும் இடத்திலேயே இன்னொரு நிறத்தில் கோடு போட்டு, வலையை உருட்டிக்கொண்டு வந்து நிறுத்தினால் தீர்ந்தது. கப்பலில் வருகிறவர்களில் பெரும் பகுதி பென்ஷன் வாங்குகிற வயசுக்காரர்கள். அவர்களுக்குப் பிடித்த ஆட்டம். ஹாலந்து அமெரிக்கா, ராயல் கரீபியன், பிரின்சஸ் என்று பெரிய கம்பெனிகள் எல்லாம் இதைத் தங்கள் விளம்பரத்தில் சேர்த்துக்கொண்டுவிட்டன.

நாம் ஒரு கணக்குப் போட்டோம்

44ஐ 20ஆல் பெருக்கினால் 880 சதுர அடி. இது நாலு பேர் ஆடுகிற இடம். சுற்றிலும் விட வேண்டிய இடம் தனி.

அதே கப்பலில் வேலை செய்கிற தொழிலாளி படுக்கிற இடம் எவ்வளவு? அதற்கும் சட்டம் இருக்கிறது. 2006ஆம் வருஷம் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் கடல்சார் தொழிலாளர் உடன்பாடு என்று ஒன்றைச் செய்தது. 2013 ஆகஸ்டில் அது அமலுக்கு வந்தது. 2015இல் இந்திய சர்க்காரும் கையெழுத்திட்டது. அதற்குப் பின் கட்டப்படுகிற பிரயாணிக் கப்பல்களில், அதிகாரியல்லாத தொழிலாளிகள் இரண்டு பேர் படுக்கும் அறைக்கு ஏழரை சதுர மீட்டர் இருந்தால் போதும் என்கிறது அந்த உடன்பாடு. நம் கணக்கில் சுமார் 81 சதுர அடி. நாலு பேர் அறை என்றால் பதினாலரை சதுர மீட்டர்.

ஆகவே ஒரு ஆடுகளம் இருக்கிற இடத்தில் இரண்டு பேர் அறைகள் கிட்டத்தட்ட பதினொன்று அடங்கும். இருபத்திரண்டு தொழிலாளிகள்! நாலு பேர் ஒரு மணி நேரம் பந்து தட்டுகிற இடமும், இருபத்திரண்டு பேர் ஒன்பது மாதம் குடியிருக்கிற இடமும் சட்டப்படி ஒன்றே.

வேலை நேரத்தைப் பாருங்கள். நாளைக்குப் பதினாலு மணிக்கு மேல் கூடாது, வாரத்துக்கு 72 மணிக்கு மேல் கூடாது என்று ஒரு கையால் எழுதியிருக்கிறார்கள். அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. இன்னொரு கையால், "அல்லது வாரத்துக்கு 77 மணி ஓய்வு கொடுத்தால் போதும்" என்றும் எழுதிவிட்டார்கள். இரண்டில் எதை வேண்டுமானாலும் ஒரு நாடு எடுத்துக்கொள்ளலாம். வாரத்துக்கு மொத்தம் 168 மணி. 77 போனால் மிச்சம் 91. வாரம் ஏழு நாளும் நாளைக்குப் பதின்மூன்று மணி வேலை வாங்கினாலும் சட்டம் மீறப்படவில்லை என்று அர்த்தம்!

ஆலைத் தோழர்களே, நம் நாட்டில் 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் வாரம் 48 மணி என்று எல்லை போட்டது. அது யாரும் தானமாய்க் கொடுத்ததல்ல. 1918இல் பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்ததும், 1923இல் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடியதும் அந்தக் கணக்கில் சேர்ந்தவை. 2023 ஏப்ரலில் இதே சென்னையில் சட்டசபை, நாளைக்குப் பன்னிரண்டு மணி வேலைக்கு வழி திறக்கும் மசோதாவை நிறைவேற்றியது. தொழிற்சங்கங்கள் ஒன்றுபட்டு எதிர்த்ததும் சில நாளிலேயே நிறுத்திவைத்து, மே முதல் தேதி வாபஸ் என்று அறிவித்தது. கரையிலே பன்னிரண்டு மணியை விரட்டினோம். கரையை விட்டு ஐம்பது மைல் போனால் பதின்மூன்று மணி உட்கார்ந்திருக்கிறது!

யாருடைய கொடி?

இதை ஏன் யாரும் கேட்பதில்லை? கேட்க வேண்டிய சர்க்கார் எது என்பதே தெரியாதபடி செய்துவிட்டார்கள் என்பதுதான் பதில்.

2024 ஜனவரியில் அமெரிக்காவின் மயாமி துறைமுகத்திலிருந்து ஒரு கப்பல் முதல் பிரயாணம் புறப்பட்டது. ஐகான் ஆஃப் தி சீஸ் என்று பெயர். இருபது தட்டு, பிரயாணிகள் அதிகபட்சம் 7,600 பேர், தொழிலாளிகள் 2,350 பேர். கட்டியது பின்லாந்தில். பிரயாணிகள் பெரும்பாலும் அமெரிக்கர்கள். கம்பெனியின் ஆபீஸ் மயாமியில். கம்பெனி பதிவாகியிருப்பதோ ஆப்பிரிக்காவின் லைபீரியாவில்! கப்பலில் பறக்கும் கொடி பஹாமாஸ் தீவின் கொடி! போட்டிக் கம்பெனியான கார்னிவல் பதிவு செய்யப்பட்டது பனாமா நாட்டில். இது என்ன வேடிக்கை என்று கேட்கிறீர்களா? வேடிக்கை இல்லை, வியாபாரம். வருமான வரி பெரும்பாலும் கட்ட வேண்டியதில்லை. அமெரிக்கத் தொழிலாளர் சட்டம் கிட்டே வராது. கூலி குறைந்த நாட்டிலிருந்து ஆள் பிடித்துக்கொள்ளலாம். பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியா. நம் தமிழ்நாட்டுப் பையன்களும் அதில் அடக்கம். 1948 முதல் சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனம் இந்த வாடகைக் கொடிகளை எதிர்த்துப் போராடி வருகிறது. அந்தப் போராட்டத்துக்கு வயது எழுபத்தைந்துக்கு மேல் ஆகிறது. வாடகைக் கொடி இன்னும் பறக்கிறது.

சம்பளத்திலும் ஒரு தந்திரம். பெரிய அமெரிக்கக் கம்பெனிகளின் கப்பல்களில் ஒவ்வொரு பிரயாணியிடமும் (2025 நிலவரப்படி நாளைக்குச் சுமார் 16 முதல் 20 டாலர் வரை) "இனாம்" என்று பில்லிலேயே சேர்த்து வசூலிக்கிறார்கள். தொழிலாளியின் வருமானத்தில் ஒரு பங்கு இதிலிருந்து வருகிறது. கூலி கொடுக்க வேண்டியவன் முதலாளி. அவனோ பிரயாணியின் சட்டைப் பையைக் காட்டுகிறான். பண்ணையாள் கூலி கேட்டால், "களத்துக்கு வருகிறவர்களிடம் வாங்கிக்கொள்" என்று மிராசுதார் சொன்னால் எப்படி இருக்கும்? அதுதான் இது.

நங்கநல்லூர் பெரியவரையும் சந்தித்தோம். நல்ல மனிதர், மத்திய சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர், நமக்குக் காப்பி கொடுத்து உபசரித்தார். "அந்தப் பையன்கள் எப்பவும் சிரிச்ச முகம் சார், ஒரு நாள்கூட முகம் சுளிச்சுப் பார்த்ததில்லை" என்றார். நாம் அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டோம்: நீங்கள் உத்தியோகம் பார்த்த முப்பத்தைந்து வருஷமும் எப்பவும் சிரித்துக்கொண்டா இருந்தீர்கள்? கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நான் யூனியன்ல இருந்தேன் சார்" என்றார். அந்தப் பதிலுக்காக அவரிடம் நமக்கு மரியாதை கூடியது.

யோகோஹாமாவில் நடந்தது

சிரிப்புக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதை 2020 பிப்ரவரியில் உலகமே பார்த்தது. டயமண்ட் பிரின்சஸ் என்ற உல்லாசக் கப்பல் ஜப்பானின் யோகோஹாமா துறைமுகத்தில் நின்றது. உள்ளே 3,711 பேர். கொரோனா பரவிவிட்டது. பிரயாணிகளை அவரவர் அறையில் இருக்கச் சொல்லிக் கதவைச் சாத்தினார்கள். சரிதான். ஆனால் அறைக்குள் இருப்பவருக்குச் சோறு யார் கொண்டுபோவது? தட்டை யார் கழுவுவது? தொழிலாளிகள்தான். ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளிகள், அவர்களில் 132 பேர் இந்தியர்கள், கதவு கதவாய்ப் போய்ச் சோறு வைத்துவிட்டு வந்து, ஒரே கூடத்தில் சேர்ந்து சாப்பிட்டு, ஒரே அறையில் சேர்ந்து படுத்தார்கள். பிப்ரவரி 9 வரை நோய் உறுதியான தொழிலாளிகள் 20 பேர். அவர்களில் 15 பேர் உணவுப் பிரிவைச் சேர்ந்தவர்கள். கடைசியில் கப்பலில் 712 பேருக்கு நோய் கண்டது.

பிரயாணிக்குத் தனி அறை, தொழிலாளிக்குப் பொது மூச்சு! கிருமிக்கு வர்க்கம் தெரியாது என்று அந்த வருஷம் பலர் பிரசங்கம் செய்தார்கள். கிருமிக்குத் தெரியாமல் இருக்கலாம். கப்பலைக் கட்டியவனுக்கு நன்றாய்த் தெரிந்திருக்கிறது.

வேலை வாய்ப்பு என்ற பூச்சாண்டி

"இப்படியெல்லாம் பேசினால் வருகிற வேலையும் போய்விடும்" என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். சென்னைத் துறைமுகத்தில் 17 கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்து உல்லாசக் கப்பலுக்கென்று முனையம் அமைத்தார்கள். 2022 ஜூனில் எம்ப்ரஸ் என்ற கப்பல் இங்கிருந்து புறப்பட்டது, முதலமைச்சரே கொடியசைத்தார். உள்ளே சூதாட்டக் கூடம் இருக்கிறது என்று புதுச்சேரியில் கரைதட்ட விடவில்லை! 2023 ஜூனில் மத்திய மந்திரி கொடியசைக்க, அதே கப்பல் இலங்கைக்குப் போனது. 2024 செப்டம்பரில் மத்திய சர்க்கார் ஒரு திட்டம் அறிவித்தது: 2029க்குள் கடல் உல்லாசப் பிரயாணிகளைப் பத்து லட்சம் ஆக்குவோம், நாலு லட்சம் பேருக்கு வேலை தருவோம் என்று.

வேலை வரட்டும். வேண்டாம் என்று யார் சொன்னது? 2025–26இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நிர்ணயித்த தினக்கூலி 336 ரூபாய். அதுவும் கைக்கு வர மாதக் கணக்கில் காத்திருந்த விவசாயத் தொழிலாளியின் மகன், கப்பலில் தட்டுக் கழுவினாலும் மேல் என்று ஓடுவதில் என்ன தப்பு? நாம் கேட்பது: என்ன வேலை, எத்தனை மணி, எந்த நாட்டுச் சட்டப்படி, சங்கம் உண்டா? அந்தத் திட்டத்தின் புகழ்பாடிய பத்திரிகைகளில் நாலு லட்சம் என்ற எண்தான் கொட்டை எழுத்தில் வந்தது. மணிக் கணக்கு எங்கேயும் வரவில்லை.

வேலை "கொடுப்பவர்கள்" எப்படிப்பட்டவர்கள் என்பதற்கு இங்கிலாந்தைப் பாருங்கள். 2022 மார்ச் 17ஆம் தேதி பி அண்டு ஓ பெரிஸ் என்ற கப்பல் கம்பெனி, 786 மாலுமிகளை ஒரே நாளில் வீடியோச் செய்தி மூலம் வேலையை விட்டு நீக்கியது. அவர்கள் இடத்துக்குக் கங்காணி மூலம் வெளிநாட்டு ஆட்கள். அவர்களில் நம் இந்தியர்களும் உண்டு. புது ஆட்களுக்குச் சராசரிக் கூலி மணிக்கு ஐந்தரைப் பவுண்டு. அப்போது அந்த நாட்டில் குறைந்தபட்சக் கூலி 8 பவுண்டு 91 பென்ஸ். சங்கத்தைக் கலந்து பேச வேண்டும் என்று சட்டம் சொல்வது தெரிந்தும், தெரிந்தே கலந்து பேசவில்லை என்று கம்பெனித் தலைவர் பார்லிமெண்டுக் கமிட்டி முன்னால் ஒப்புக்கொண்டார். என்ன துணிச்சல்! அந்தக் கம்பெனியின் சொந்தக்காரர் துபாயின் டி.பி. வேர்ல்டு. அதே டி.பி. வேர்ல்டுதான் நம் சென்னைத் துறைமுகத்தில் கண்டெய்னர் முனையம் நடத்துகிறது. டோவர் தொழிலாளிக்கும் திருவொற்றியூர் தொழிலாளிக்கும் எஜமானன் ஒருவன்! இங்கிலாந்துக்காரன் வயிற்றில் அடிக்க இந்தியனைக் கூப்பிடுகிறான். நாளை இந்தியன் கூலி உயர்த்திக் கேட்டால் இன்னொரு நாட்டானைக் கூப்பிடுவான்.

கப்பலும் ஆலையும் வேறு வேறு கதை என்று யாரும் நினைக்க வேண்டாம். 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய வ.உ.சிதம்பரம் பிள்ளைதான், 1908இல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளிகளின் வேலைநிறுத்தத்துக்கும் முன்னால் நின்றவர்.

அந்தத் தாயின் கடன்

இனி அந்தத் திண்ணைக்கு வருவோம். அந்த அம்மாளின் மகன் சமையல் படிப்பு டிப்ளமா படித்தவன். ஒரு தரகன் வந்தான். கப்பல் வேலைக்கு மூன்றரை லட்சம் என்றான். நகையை அடகு வைத்தார்கள். மிச்சத்துக்குத் தெரிந்தவரிடம் வாங்கினார்கள். எல்லாம் சேர்ந்து மூன்று வட்டி விழுகிறது. மாதம் 10,500 ரூபாய் வட்டிக்கே போகிறது. மகன் மாதம் 35,000 அனுப்புகிறான். ஒன்பது மாத ஒப்பந்தம். மொத்தம் 3,15,000. அதில் வட்டி 94,500. வீட்டில் ஒரு பைசா செலவழிக்காமல் அப்படியே கட்டினாலும் அசலில் 1,29,500 நிற்கும். ஒப்பந்தம் முடிந்து ஊருக்கு வந்தால் அடுத்த அழைப்பு வரும் வரை சம்பளம் கிடையாது. வட்டிக்கு மட்டும் லீவு கிடையாது.

இந்தக் கணக்கை நாம் ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினோம். அந்த அம்மாள் வெகு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அப்ப அவன் ரெண்டாந் தடவையும் போனாத்தான் முதல் தடவை போனதுக்கு முடியும்" என்றார். முதலாளித்துவப் பொருளாதாரத்துக்கு இதைவிடச் சுருக்கமாய் யாரும் விளக்கம் சொல்லிவிட முடியாது.

ஆனால் ஒரு விஷயம் அங்கே இருந்த யாருக்கும் தெரியாது. தரகனுக்கு மட்டும் தெரியும். கப்பல் வேலைக்கு ஆள் எடுப்பவன் தொழிலாளியிடம் வேலைக்கென்று ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது! நாம் மேலே சொன்ன அதே உடன்பாட்டில் இது இருக்கிறது. டாக்டர் சர்டிபிகேட், மாலுமிப் புத்தகம், பாஸ்போர்ட் இந்தச் செலவுகள் மட்டும்தான் தொழிலாளியுடையது. விசாச் செலவுகூடக் கப்பல் முதலாளி தலையில். ஊர் திரும்பும் செலவும் அவன் பொறுப்பு. ஒப்பந்தத்தின் கையெழுத்திட்ட பிரதி ஒன்று தொழிலாளி கையில் இருக்க வேண்டும். ஆள் எடுப்பவன் கப்பல் துறைத் தலைமை இயக்ககத்தின் லைசென்ஸ் வைத்திருக்க வேண்டும். லைசென்ஸ் இல்லாத தரகனிடம் பேசுவதே ஆபத்து. லைசென்ஸ் உள்ளவன் பணம் கேட்டால் அது குற்றம்.

ராமநாதபுரத்திலும் தூத்துக்குடியிலும் நாகப்பட்டினத்திலும் இந்தப் பத்திரிகையைப் படிக்கிற தோழர்கள் இந்தப் பத்தியைக் கத்தரித்து டீக்கடையில் ஒட்டுங்கள். கப்பல் கனவோடு பையனை வைத்திருக்கிற வீட்டில் படித்துக் காட்டுங்கள். ஏற்கெனவே பணம் கொடுத்தவர்கள் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். ஏமாந்தவர் தலைகுனிய என்ன இருக்கிறது?

அந்தத் தரகன் ரசீது கொடுக்கவில்லை. இப்படிப்பட்டவர்கள் கொடுப்பதும் இல்லை. ஆனால் அடகுக்கடைச் சீட்டு இருக்கிறது, தேதி இருக்கிறது. பணம் எண்ணிக் கொடுத்த அன்று கூடவே நின்ற இரண்டு பெண்கள் அந்தத் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார்கள். எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்கிறோம் என்றார்கள். நங்கநல்லூர் பெரியவர் மனுவை இங்கிலீஷில் எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். வரும் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ராஜாஜி சாலையில் உள்ள கடல் வாணிபத் துறை ஆபீசுக்குப் போகிறோம். அன்று நாலு வீட்டு வேலைக்கு லீவு சொல்ல வேண்டும், சொல்லிவிட்டார்கள்.